தைமஸ் கட்டியை முழுதாக எடுத்த பிறகும் ரேடியேஷன் எதற்கு?

தைமஸ் கட்டிக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் வெளியே வந்து "முழுசா எடுத்தாச்சு" என்கிறார். காத்திருந்தவர்களுக்கு அப்போதுதான் மூச்சு வருகிறது. சில நாட்கள் கழித்து நோயியல் அறிக்கை கைக்கு வருகிறது. அதில் "உறையைத் தாண்டிய ஊடுருவல்" என்று ஒரு வரி இருக்கிறது. அப்புறம், எதற்கும் ரேடியேஷன் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்கிறார்கள்.

முழுசா எடுத்தாச்சு என்றால் ரேடியேஷன் எதற்கு? நியாயமான கேள்வி. இதற்கு மருத்துவ உலகம் எப்போதும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. 1980களின் இறுதியில் "கட்டாயம் கொடுங்கள்" என்ற குரல் ஓங்கியிருந்தது. 2000களில் "பெரும்பாலோருக்குத் தேவையில்லை" என்றார்கள். 2010களின் நடுவில் "உயிர்வாழ்வு கூடுவது போலத் தெரிகிறதே" என்று மறுபடி யோசித்தார்கள். இந்த ஊசலாட்டத்துக்கான காரணம், கட்டியின் குணத்திலும் அதை ஆராய்ந்த விதத்திலும் இருக்கிறது.

தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும் முன்னால் இருக்கும் மென்மையான உறுப்பு. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் முதிர்ச்சி பெறும் இடம் இதுதான். இந்த வேலையை 1961-ல் ஜாக் மில்லர் கண்டுபிடித்துச் சொல்லும் வரை, இது எதற்கு இருக்கிறது என்றே சரியாகத் தெரியாது. குழந்தைகளுக்கு இது பெரிதாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு சுருங்கி, மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறிவிடும்.

அதன் மேல்திசு செல்களில் உருவாகும் கட்டிகளில் பெரும்பாலானவை தைமோமா. சிறுபகுதி, தைமஸ் கார்சினோமா என்ற கடுமையான புற்றுநோய். இரண்டும் அரிது: அமெரிக்கக் கணக்கில் தைமோமா பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்குத்தான் வருகிறது. நாற்பது வயதுக்கு மேல் அதிகம். தைமோமா வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோயும் சேர்ந்து இருக்கும். கண் இமை தொங்குகிறது, எல்லாம் இரட்டையாகத் தெரிகிறது என்று நரம்பியல் மருத்துவரிடம் போய், அங்கே எடுத்த ஸ்கேனில் கட்டி தெரியவந்தவர்கள் பலர்.

இந்த அரிதுத்தன்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான்.

உறை, கொழுப்பு, ஒரு மில்லிமீட்டர்

தைமோமா பொதுவாக ஒரு மெல்லிய உறைக்குள் வளரும். உறைக்குள்ளேயே இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்பதை வைத்துத்தான் ஜப்பானிய அறுவை மருத்துவர் அகிரா மசாவோகா 1981-ல் நிலைகளைப் பிரித்தார். பிறகு 1994-ல் கோகா குழு அதைக் கொஞ்சம் திருத்தியது. முதல் நிலை, உறைக்குள் அடங்கியது. 2ஏ, மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் அளவுக்கு உறையைத் தாண்டியது. 2பி, சுற்றியுள்ள கொழுப்புக்குள் கண்ணுக்குத் தெரியும்படி புகுந்தது. மூன்றாம் நிலை, இதய உறை, நுரையீரல், பெரிய இரத்தக் குழாய் போன்ற பக்கத்து உறுப்புக்குள் புகுந்துவிட்டது. நான்காம் நிலை, நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ தனித்தனி முடிச்சுகளாகச் சிதறியது, அல்லது நிணநீர், இரத்தம் வழியே வேறு இடத்துக்குப் போனது.

இதோடு செல்லின் தோற்றத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் தரும் இன்னொரு வரிசையும் உண்டு: ஏ, ஏபி, பி1, பி2, பி3, அப்புறம் கார்சினோமா. பொதுவாக பி2, பி3 என்று போகப் போக முரட்டுத்தனம் கூடுகிறது.

காகிதத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. மேசையில் அப்படி இல்லை. எடுத்த கட்டி மென்மையான கொழுப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கையாளும்போது உறை கிழியலாம், கொழுப்பு விலகலாம். குடலிலோ மார்பகத்திலோ ஓரளவு நல்ல திசுவைச் சேர்த்து வெட்டி எடுக்க இடம் இருக்கும். இங்கே கட்டியின் ஒரு பக்கம் இதய உறை, இன்னொரு பக்கம் பெருநாளம், பக்கவாட்டில் மூச்சுக்கு வேண்டிய உதரவிதான நரம்பு. வெட்டு விளிம்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருப்பது சாதாரணம். "விளிம்பில் கட்டி இருக்கிறது" என்று நோயியல் மருத்துவர் எழுதினால், அது உண்மையிலேயே உள்ளே மிச்சம் விட்டு வந்த இடமா, திறந்த கொழுப்பின் ஓரமா என்பது அறுவை செய்தவர் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் தெரியும். அதனால்தான் எடுத்தவுடனேயே எந்தப் பக்கம் எது என்று குறித்து அனுப்ப வேண்டும், சந்தேகமான இடத்தில் நெஞ்சுக்குள் சின்ன உலோக கிளிப் வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். அந்த கிளிப்தான் பின்னால் கதிரைக் குறிவைக்கும் ஆளுக்கு வழிகாட்டி. கிளிப் இல்லையென்றால், கட்டி எங்கே இருந்தது என்பதைப் பழைய ஸ்கேனைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

சொல்லப்போனால், 2ஏ நிலைக்கும் முதல் நிலைக்கும் இருக்கும் வித்தியாசத்துக்கு நாம் இத்தனை மதிப்பு கொடுத்திருக்க வேண்டியதே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கட்டி, நிணநீர் முடிச்சு, பரவல் மூன்றையும் வைத்து நிலை சொல்லும் டி.என்.எம். என்ற இன்னொரு முறை உண்டு. 2017-ல் நடைமுறைக்கு வந்த அதன் எட்டாம் பதிப்பு, உறைக்குள் இருப்பதையும் கொழுப்புக்குள் புகுந்ததையும் ஒன்றாக்கி, இரண்டையும் முதல் நிலையில் வைத்துவிட்டது. காரணம், இரண்டுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். அறிக்கையில் "மசாவோகா இரண்டாம் நிலை" என்று படித்துப் பயந்தவர், அதே கட்டிக்கு டி.என்.எம். முறையில் முதல் நிலை என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான்.

எங்கே திரும்ப வருகிறது?

முழுதாக எடுத்த பிறகும் கட்டி திரும்பும் வாய்ப்பு, முதல் நிலையில் நூற்றுக்கு மூன்று பேருக்கு, இரண்டாம் நிலையில் பதினொருவர் அளவில், மூன்றாம் நிலையில் முப்பது பேர் வரை என்று தொகுப்புகள் சொல்கின்றன. அதுவும் உடனே வருவதில்லை. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, சிலருக்கு அதற்கும் பிறகு.

ரேடியேஷன் பேச்சில் அடிக்கடி விடுபடும் விஷயம், அது எங்கே திரும்புகிறது என்பது. கட்டி இருந்த அதே இடத்தில் வருவதைவிட, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் சின்னச் சின்ன முடிச்சுகளாக வருவதுதான் அதிகம். சில சமயம் கீழே, உதரவிதானத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். ரேடியேஷனோ கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. வாசலைப் பூட்டிக் காவல் போட்டால், கொல்லைப்புறமாக வருகிறவனை அது எப்படித் தடுக்கும்? சரி, நெஞ்சின் ஒரு பக்கம் முழுவதற்கும் கதிர் கொடுத்தால் என்ன என்று சில மையங்கள் முயன்று பார்த்திருக்கின்றன. ஒரு முழு நுரையீரலையும் கதிரில் நனைப்பதற்கு உடல் கேட்கும் விலை அதிகம், அது வழக்கமாகவில்லை.

ஆக, கேள்வி "ரேடியேஷன் நல்லதா" என்பதல்ல. மிச்சம் இருந்தால் அது எங்கே இருக்கும்? அந்த இடத்தைக் கதிர் எட்டுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தவருக்கு ரேடியேஷன் அர்த்தமுள்ளது. வெறும் நிம்மதிக்காகக் கொடுப்பது வேறு.

நாற்பது ஆண்டு வழக்கு

1988-ல் வால்டர் கர்ரன் குழு 103 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டது. இரண்டாம், மூன்றாம் நிலையில் முழுதாக எடுத்து ரேடியேஷன் கொடுக்காதவர்களில் ஐந்து ஆண்டுக்குள் நெஞ்சு நடுப்பகுதியில் கட்டி திரும்பிய விகிதம் 53 சதவீதம் என்றும், ரேடியேஷன் கொடுத்தவர்களில் பூஜ்யம் என்றும் கணக்கிட்டார்கள். 53-க்குப் பூஜ்யம்! இப்படி ஒரு எண்ணைப் பார்த்த பிறகு யார்தான் ரேடியேஷன் கொடுக்காமல் இருப்பார்கள்? ஆனால் 103 பேரை நிலை வாரியாக, சிகிச்சை வாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு கூடையிலும் விழுவது ஒரு கைப்பிடி ஆட்கள்தான்.

2003-ல் ஜப்பானிலிருந்து கோண்டோவும் மொண்டனும் 115 மருத்துவமனைகளின் 1,320 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். முழுதாக எடுக்கப்பட்ட இரண்டாம், மூன்றாம் நிலைத் தைமோமாவில் முன்னெச்சரிக்கை ரேடியேஷன் கட்டி திரும்புவதைத் தடுக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. 2009-ல் கோர்ஸ்ட் குழு 13 ஆய்வுகளைச் சேர்த்து, 592 பேரின் விவரத்தோடு செய்த தொகுப்பும் இதையே சொன்னது. ரேடியேஷன் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் குறைந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 2015-ல் ஜப்பானியத் தைமஸ் ஆய்வுச் சங்கம் தன் பதிவேட்டில் இருந்த 1,265 பேரை ஆராய்ந்தது: தைமோமாவுக்குப் பயனில்லை, கார்சினோமாவுக்கு உண்டு. அதற்கடுத்த ஆண்டு பன்னாட்டுத் தைமஸ் கட்டி ஆர்வக் குழு தன் பதிவேட்டிலிருந்து, முழுதாக எடுக்கப்பட்ட இரண்டாம், மூன்றாம் நிலைத் தைமோமா நோயாளிகள் 1,263 பேரை எடுத்துப் பார்த்தது: ரேடியேஷன் பெற்றவர்களில் பத்து ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் 86 சதவீதம், பெறாதவர்களில் 79 சதவீதம். ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, ஓராண்டு இடைவெளி, எதிரெதிர் முடிவு. 2017-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்தின் 4,056 பேரை வைத்து வந்த ஆய்வும் ரேடியேஷன் பக்கம் சாய்ந்தது.

யாரை நம்புவது? எண்ணிக்கை பெரிது என்பதாலேயே ஒரு பதிவேட்டு ஆய்வு உண்மையாகிவிடாது. இவை எதிலும் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. யாருக்கு ரேடியேஷன் என்பதை மருத்துவர் தீர்மானித்தார், அந்தத் தீர்மானத்துக்குக் காரணங்கள் இருந்தன. சந்தேகமான விளிம்பு, முரட்டுக் கட்டி என்றால் கொடுத்திருப்பார்கள். அது ரேடியேஷனை உண்மையைவிட மோசமாகக் காட்டும். மறுபக்கம், அறுவைக்குப் பிறகு தேறி, ஐந்து வாரம் தினமும் வந்துபோகத் தெம்பு உள்ளவர்தான் ரேடியேஷன் பெறுகிறார். தேறாதவர், இதய நோயுள்ளவர், வயது முதிர்ந்தவர் "வேண்டாம்" பட்டியலில் சேர்கிறார். இது ரேடியேஷனை உண்மையைவிட நல்லதாகக் காட்டும்.

1,263 பேர் ஆய்வில் ஐந்தாம் ஆண்டிலேயே 95-க்கு 90 என்று வித்தியாசம் தெரிந்துவிட்டது. தைமோமா முழுதாக எடுக்கப்பட்டவர் ஐந்து ஆண்டுக்குள் தைமோமாவாலேயே இறப்பது அபூர்வம். அப்படியானால் அந்த ஐந்து சதவீத வித்தியாசத்தில் எவ்வளவு கதிரின் வேலை, எவ்வளவு ஆள் தேர்வின் வேலை? என் கணிப்பில் இரண்டாவதற்குக் கணிசமான பங்கு உண்டு. மூன்றாம் நிலையில் பயன் இருப்பது நம்பும்படி இருக்கிறது. 2ஏ நிலையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

குலுக்கிப் பிரித்த ஆய்வே இல்லையா என்றால், 1999-ல் சீனாவிலிருந்து ஒன்று வந்தது. மொத்தம் 29 பேர், எல்லாரும் முதல் நிலை. ரேடியேஷனால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. எதிர்பார்த்ததுதான். உறைக்குள் முழுதாக வந்துவிட்ட கட்டிக்கு ரேடியேஷன் வேண்டாம் என்பதில் இப்போது எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்றைக்கு எங்கே நிற்கிறோம்

2015-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டல் ஏறத்தாழ இப்படிப் போகிறது. முதல் நிலைத் தைமோமா: வேண்டாம். 2ஏ: வேண்டாம், பி3 வகையாக இருந்தால் யோசிக்கலாம். 2பி: பி2, பி3 வகை என்றால் யோசிக்கலாம். மூன்றாம் நிலை: கொடுப்பது நல்லது. "யோசிக்கலாம்" என்ற சொல்தான் இங்கே எல்லாச் சுமையையும் சுமக்கிறது.

கார்சினோமாவில் இவ்வளவு தயக்கம் இல்லை. அது வேகமாக வளரும், நிணநீர் முடிச்சுகளுக்கும் போகும், உள்ளூரிலேயே திரும்பும். இரண்டாம் நிலையிலிருந்தே ரேடியேஷன் பேச்சு தொடங்கிவிடும். மூன்றாம் நிலையில் நேரடியாகப் பரிந்துரை.

விளிம்பில் மிச்சம் இருந்தால் விவாதமே கிடையாது. மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் மிச்சமோ, எடுக்க முடியாமல் இரத்தக் குழாயில் ஒட்டவைத்துவிட்டு வந்த கண்ணுக்குத் தெரியும் மிச்சமோ, எதுவாக இருந்தாலும் ரேடியேஷன் வேண்டும். எதிரி எந்த இடத்தில் இருக்கிறான் என்று இங்கே தெரியும். கதிர் மிக நன்றாக வேலை செய்வதும் இப்படிப்பட்ட சூழலில்தான்.

அளவும் அதற்கேற்ப மாறும். கதிரை அளக்கும் அலகு கிரே. முழுதாக எடுத்தவருக்கு 45 முதல் 50 கிரே, நுண்ணிய மிச்சத்துக்கு 54 வரை, கண்ணுக்குத் தெரியும் மிச்சத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். ஒரு நாளைக்கு 1.8 அல்லது 2 கிரே வீதம், வாரம் ஐந்து நாள், ஐந்து ஆறு வாரங்கள். அறுவை சிகிச்சை நடந்து மூன்று மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான எல்லை. பேச்சுவழக்கில் "கரண்ட் வைப்பது" என்பார்கள்; கரண்டும் இல்லை, ஷாக்கும் இல்லை, படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எதுவுமே தெரியாது.

கதிர் கடந்து போகும் வழி

தெரிவது பின்னால்தான். இரண்டு மூன்று வாரத்தில் உணவுக்குழாய் புண்ணாகி விழுங்கும்போது வலிக்கும், உடம்பு அசதியாக இருக்கும். முடிந்த சில வாரங்களில் அது ஆறிவிடும். சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால், அது நுரையீரலில் கதிரால் வந்த அழற்சியாக இருக்கலாம். சளி என்று விட்டுவிடக் கூடாது.

அதற்கும் பின்னால் வருவது இதயம். கட்டி இருந்த இடமே இதயத்தின் மடி. 2013-ல் சாரா டார்பி குழு மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் பெற்ற பெண்களை ஆராய்ந்தபோது, இதயத்துக்குச் சராசரியாகப் போகும் ஒவ்வொரு கிரேவுக்கும் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பின் அபாயம் 7.4 சதவீதம் கூடுவதைக் கண்டது. ஏற்கெனவே உள்ள அபாயத்தின் மீது ஏறும் 7.4 சதவீதம் அது. பாதுகாப்பான கீழ் எல்லை என்று ஒன்று தென்படவில்லை. அதனால் ஏற்கெனவே இதயக் குழாய் அடைப்பு உள்ள அறுபத்தைந்து வயதுக்காரருக்கும், நாற்பது ஆண்டு வாழ்வு எதிரே உள்ள முப்பது வயதுப் பெண்ணுக்கும் கணக்கு வேறு வேறு. அந்தப் பெண்ணுக்கு மார்பகத்தில் படும் கதிரையும், பிற்காலத்தில் வரக்கூடிய இன்னொரு புற்றுநோயையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இந்த அச்சத்துக்குத் தைமஸின் வரலாற்றிலேயே ஒரு கசப்பான பக்கம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், குழந்தைகளின் தைமஸ் பெரிதாக இருப்பதே நோய் என்று தப்பாக நினைத்து, அதைச் சுருக்குவதற்காக ஒன்றுமறியாத சிசுக்களுக்கு எக்ஸ்ரே கதிர் கொடுத்தார்கள். குழந்தைக்குத் தைமஸ் பெரிதாக இருப்பது இயல்பு. அப்படிக் கதிர் பெற்ற பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வருவதை டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1950-ல் சுட்டிக்காட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் அந்தக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. பெரியவர்களின் கட்டிக்குக் கொடுப்பது அதோடு ஒப்பிடக்கூடியதல்ல, உண்மை. ஆனாலும் "கொடுத்து வைப்போமே, என்ன கெட்டுவிடும்" என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள்.

நுட்பம் வளர்ந்திருப்பது ஆறுதல். கதிரின் தீவிரத்தைப் பல கோணங்களில் மாற்றி மாற்றிச் செதுக்கும் ஐ.எம்.ஆர்.டி., மூச்சு அசைவையும் சேர்த்துப் பதியும் நான்கு பரிமாண சி.டி., இதயம் விலகும்படி ஆழ மூச்சை இழுத்துப் பிடிக்கும் முறை எல்லாம் புழக்கத்தில் உள்ளன. புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தோடு நின்றுவிடுவதால், பின்னால் உள்ள இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும் அளவைக் குறைக்கிறது. கர்ரன் காலத்து ரேடியேஷனும் இன்றைய ரேடியேஷனும் ஒன்றல்ல என்பதால், அன்றைய பக்கவிளைவுக் கணக்கை அப்படியே இன்றைக்குப் பொருத்துவதும் தவறு.

மயஸ்தீனியா உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கட்டியை எடுத்ததும் அந்த நோய் மறைந்துவிடாது. சிகிச்சைக் காலத்தில் தூண்டப்படவும் கூடும். ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு உணவுக்குழாய்ப் புண்ணும் சேர்ந்தால் நிலைமை சிக்கலாகும். ரேடியேஷன் தொடங்கும் முன் நரம்பியல் மருத்துவரைக் கொண்டு அதைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். இடையில் காய்ச்சலோ இருமலோ வந்து ஆன்டிபயாடிக் எழுதினால், மயஸ்தீனியா இருப்பதைச் சொல்லுங்கள். ஃப்ளூரோகுயினலோன், அமினோகிளைகோசைடு வகை மருந்துகள் தசைத் தளர்ச்சியைக் கூட்டும்.

உண்மையான சர்ச்சை மிஞ்சி நிற்பது 2பி, மூன்றாம் நிலைத் தைமோமாவை முழுதாக எடுத்தவர்களிடம்தான். அவர்களுக்காகவே பிரான்சில் ரேடியோரித்மிக் என்ற ஆய்வு 2021-ல் தொடங்கியது. 314 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு 50.4 கிரே, மறுபாதிக்கு ரேடியேஷன் இல்லாமல் கண்காணிப்பு மட்டும் என்பது திட்டம். பதிவேடுகளை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காத பதில் இதில் கிடைக்கலாம். ஆனால் நோய் அரிது, ஆள் சேர்வது மெதுவாகத்தான் நடக்கும். கட்டி திரும்புவதும் மெதுவாகத்தான்.

அதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதே பிரான்சில் தைமஸ் கட்டிக்கென்றே இயங்கும் ரித்மிக் வலையமைப்பு, அறுவை, ரேடியேஷன், கீமோ, நோயியல் மருத்துவர்களை ஒன்றாக உட்காரவைத்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசுகிறது. அந்த வசதி இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு: நோயியல் ஸ்லைடுகளை, தைமஸ் கட்டி அதிகம் பார்த்துப் பழகிய இன்னொருவரிடம் காட்டுவது. பி1-ஆ பி2-ஆ, 2ஏ-யா 2பி-யா என்பதில் இருவர் மாறுபடுவது சகஜம். ரேடியேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதே அந்த ஒரு சொல்லில் மாறிப்போகலாம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஸ்கேன் தொடர வேண்டும்: முதல் இரண்டு ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, தைமோமா என்றால் பத்தாம் ஆண்டு வரை. பார்க்கிறவர் நுரையீரல் உறையின் கீழ் மடிப்பு வரை இறங்கிப் பார்க்க வேண்டும்.